பட்டா நிலத்தின் நடுவே ஒரு பொதுவழி

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் வீட்டில் தங்குவதற்காக இங்கிலாந்தில் உள்ள ரெடிங் வந்திருக்கிறீர்கள். காலை நடைக்குப் போனபோது, வீடுகள் முடிகிற இடத்தில் வேலியோரமாக ஒரு கம்பத்தையும் அதில் ‘பப்ளிக் ஃபுட்பாத்’ என்று எழுதிய பலகையையும் பார்த்திருக்கிறீர்கள். பலகை கைகாட்டிய பக்கம் தெரு இல்லை, தார்ச்சாலை இல்லை. கோதுமை வயலும் அதற்குள் போகிற ஒற்றையடித் தடமும்தான் இருந்தன. நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டீர்கள். ‘இன்னொருத்தர் பட்டா நிலத்தில் நாம் எப்படிக் கால் வைப்பது, யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வது’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

இந்தத் தயக்கம் உங்களுக்கு மட்டும் உரியதல்ல. பிள்ளைகளைப் பார்க்க வந்து ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகிற எத்தனையோ பெற்றோர், கடைகளையும் கோயிலையும் லண்டன் கோபுரப் பாலத்தையும் பார்த்து முடித்துவிட்டு, வீட்டுக்குப் பின்னாலேயே தொடங்குகிற பாதையில் ஒருமுறைகூட இறங்காமல் விமானம் ஏறிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது. அதனால்தான் உங்களுக்கான பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அந்த வயல் ஒரு விவசாயியுடையது. அதன் குறுக்கே நடக்கிற உரிமை உங்களுடையது. உங்கள் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பது இதில் வரவே வராது.

வருவாய்த் துறையில் ஆயுளைக் கழித்தவர் நீங்கள்; ஆகவே உங்களுக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்கிறேன். நம் ஊரில் பாதை என்றால் பெரும்பாலும் பாதைப் புறம்போக்கு. புலப்படத்தில் அதற்குத் தனி எண் இருக்கும், நிலம் சர்க்காருடையது. இங்கே அப்படியில்லை. பாதை ஓடுகிற கீற்றையும் சேர்த்து நிலம் முழுவதும் உடைமையாளர் பெயரில்தான் இருக்கிறது. அதன் மேல் போகவும் வரவும் உள்ள உரிமை மட்டும் பொதுமக்களுடையது. நிலம் கைமாறினால் அந்த உரிமையும் நிலத்தோடு சேர்ந்தே போகும். வாங்குகிறவர் பிரபுவாக இருந்தாலும் வங்கிக்காரராக இருந்தாலும் பாதையையும் சேர்த்துத்தான் வாங்கியாக வேண்டும். ஒரு வழி ஒருமுறை பொதுவழி ஆகிவிட்டால், முறைப்படி ஆணை பிறப்பித்து மூடும்வரையோ திருப்பிவிடும்வரையோ அது பொதுவழிதான். நூறு வருஷம் ஒருவரும் நடக்காமல் கிடந்தாலும் உரிமை காலாவதியாவதில்லை. மறுபக்கம், 20 வருஷம் தடையில்லாமல் மக்கள் நடந்திருந்தால் உடைமையாளர் அதைப் பொதுவழியாக விட்டுக்கொடுத்துவிட்டார் என்றே 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டிய பாரம் அவருடையது.

இதற்கென்று படமும் பதிவேடும் உண்டு. 1949-ல் வந்த தேசியப் பூங்காச் சட்டம், ஒவ்வொரு மாவட்ட கவுன்சிலும் தன் எல்லைக்குள் உள்ள பொதுவழிகளை எல்லாம் படத்தில் வரைந்து வைக்க வேண்டும் என்றது. அந்தப் படத்தில் ஏறிய பாதைக்கு ஊர்ப் பெயரும் எண்ணும் இருக்கும். கூடவே அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுத்தில் ஒரு விவரமும் இருக்கும். நீதிமன்றத்தில் அந்தப் படமே முடிவான சாட்சி. 1950-களில் அந்தக் கணக்கெடுப்பின் அடிப்படை வேலையைச் செய்தவர்கள் பாரிஷ் கவுன்சில்காரர்கள், அதாவது நம் ஊராட்சி அளவுள்ள சின்ன அமைப்புகளில் இருந்த உள்ளூர் மனிதர்கள். சில ஊர்களில் ஒவ்வொரு தடத்தையும் நடந்து பார்த்து எழுதினார்கள். சில ஊர்களில் ஏனோதானோவென்று முடித்தார்கள். அந்த வித்தியாசம் இன்றைக்கும் படத்தில் தெரிகிறது. ஒரு ஊரில் பாதைகள் வலையாகப் பின்னிக் கிடக்கும். ஊர் எல்லையைத் தாண்டியதும் நடுவயலில் ஒரு பாதை காரணமில்லாமல் நின்றுபோகும். எப்படியானாலும் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகப் பதிவேறியவை ஏறக்குறைய 1,40,000 மைல். கிலோமீட்டரில் சொன்னால் 2,25,000. இந்த நாட்டின் அரண்மனைகளையும் மாதாகோவில்களையும் விட இந்த வலைதான் பெரிய சாதனை என்று நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் இதை யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை. பண்ணையாள் வயலுக்குப் போன தடம், கோதுமை மூட்டையோடு மாவு ஆலைக்குப் போன தடம், ஞாயிற்றுக்கிழமை மாதாகோவிலுக்குப் போன தடம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன தடம் எல்லாம்தான் இன்று சட்டத்தில் நிற்கின்றன. அதனால்தான் எந்தக் கிராமத்தில் பார்த்தாலும் நாலு பக்கத்துப் பாதையும் மாதாகோவில் வாசலில் வந்து கூடுகிறது. ஏரி மாவட்டத்தில் ஆம்பிள்சைடு பக்கத்திலிருந்து கிராஸ்மியர் ஊருக்கு மலைச்சரிவில் ஒரு பாதை போகிறது. அந்தக் காலத்தில் அங்கிருந்து சவப்பெட்டியைத் தோளில் சுமந்து கிராஸ்மியர் கல்லறைக்குக் கொண்டுபோவார்கள். வழியில் பெட்டியை இறக்கி வைத்து மூச்சுவாங்கிய கல் இன்னும் இருக்கிறது. இன்று அதே வழியில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள்.

இந்த வழிகள் சும்மா தப்பிப் பிழைத்துவிடவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஆயிரக்கணக்கான தனிச் சட்டங்கள் போட்டு ஊர்ப் பொதுநிலங்களை வளைத்து வேலி கட்டினார்கள். மேய்ச்சல் போனது, விறகு போனது, வழிகளும் போயின. ஹெல்ப்ஸ்டன் கிராமத்துப் பண்ணைக்கூலியின் மகன் ஜான் கிளேர் கவிஞனாக வளர்ந்த வருஷங்களில்தான் அவன் ஊருக்கு 1809-ல் அந்தச் சட்டம் வந்தது. கால் பழகிய இடமெல்லாம் அடைபட்ட துயரத்தை அவன் வாழ்நாள் முழுவதும் எழுதினான். 1815-ல் இன்னொரு சட்டம் வந்தது. இரண்டு மாஜிஸ்ட்ரேட்டுகள் சேர்ந்து ‘இந்தப் பாதை தேவையில்லை’ என்று கையெழுத்துப் போட்டால் மூடிவிடலாம். மாஜிஸ்ட்ரேட்டுகள் பெரும்பாலும் நிலச்சுவான்தார்களாகவே இருந்தார்கள் என்றால் மிச்சத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஃபிளிக்ஸ்டன் என்ற ஊரில் ஒரு மாஜிஸ்ட்ரேட் தன் நிலத்தின் வழியே போன பாதையை அடைத்தார். பொறுக்கமாட்டாத மான்செஸ்டர்க்காரர்கள் 1826-ல் பழைய நடைபாதைகளைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கி, வழக்காடி அந்தப் பாதையைத் திறக்க வைத்தார்கள். ஆலைத் தொழிலாளிக்கு வாரத்தில் கிடைத்த ஒரு நாள் நல்ல காற்று அந்தப் பாதைகளில்தான் இருந்தது. விட்டுக்கொடுக்க அவனால் முடியவில்லை.

1896-ல் போல்ட்டன் நகரத்து மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, அடைக்கப்பட்ட வின்டர் ஹில் பாதையில் ஊர்வலமாக ஏறினார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் நடந்தது எல்லோரும் பேசுகிற கதை. இருபது வயது பென்னி ராத்மன் தலைமையில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள், பிரபுக்கள் கிரவுஸ் பறவை வேட்டைக்கென்று காவல் போட்டு வைத்திருந்த மேட்டில் வேண்டுமென்றே ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். ராத்மனுக்கு நான்கு மாதம். அதற்கு 70 வருஷம் கழித்து, 2002-ல், அன்றைய டெவன்ஷயர் பிரபு அதே இடத்துக்கு வந்து தன் முன்னோர் செய்ததற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கிண்டர் கலகம் பாதைக்காக மட்டும் நடந்ததல்ல. திறந்த மேட்டுநிலம் முழுவதிலும் நடமாடும் உரிமைக்காக நடந்தது. அந்த உரிமை 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது, அதுவும் இங்கிலாந்து நிலப்பரப்பில் சுமார் எட்டு சதவீதத்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏறக்குறைய எங்கும் நடக்கலாம். இங்கிலாந்துக்கும் அது வர வேண்டும் என்று கேட்கிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எனக்கு இந்த ஒற்றையடிப் பாதைகள் மேல்தான் பிரியம் அதிகம். மேட்டுநிலம் உங்களை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோகும். பாதை உங்களை ஊருக்கு உள்ளே கொண்டுபோகும்: மாட்டுத்தொழுவத்தின் முற்றம், கிரிக்கெட் மைதானத்தின் ஓரம், கல்லறைத் தோட்டம், சில இடங்களில் ஒருவர் வீட்டுப் பூந்தோட்டத்தின் நடு.

உரிமை என்றேனே, அதற்கு எல்லையும் உண்டு. 1893-ல் தீர்ப்பான வழக்கு ஒன்று. ரட்லண்ட் பிரபுவின் நிலத்தில் கிரவுஸ் வேட்டை நடந்துகொண்டிருந்தபோது, ஹாரிசன் என்பவர் நிலத்தின் ஊடே போன பொதுவழியில் நின்றுகொண்டு குடையை விரித்தும் மடக்கியும் பறவைகளைக் கலைத்துவிட்டார். நிற்பது பொதுவழியில்தான் என்றாலும் அவர் வழிப்போக்கராக நிற்கவில்லை, எனவே அது அத்துமீறலே என்றது நீதிமன்றம். உங்களுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. நின்று மூச்சுவாங்கலாம், படம் எடுக்கலாம், ஓரமாக உட்கார்ந்து டப்பாவில் கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிடலாம். இவையெல்லாம் நடையைச் சேர்ந்தவை. நாயைக் கூட்டிக்கொண்டு போகலாம், கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். கூடாரம் அடிக்கக் கூடாது. வேலியோரத்து நாவல்நிறப் பிளாக்பெர்ரியைச் சொந்தத்துக்குப் பறித்துத் தின்னலாம். விற்பதற்காகப் பறிக்காதவரை அது திருட்டாகாது என்று 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டமே சொல்கிறது. உடைமையாளர் அனுமதியில்லாமல் எந்தச் செடியையும் வேரோடு பிடுங்கக் கூடாது.

விவசாயிக்கும் கடமைகள் உண்டு. வயலின் குறுக்கே போகிற நடைபாதையை உழுதால், முதல் உழவிலிருந்து 14 நாளுக்குள் தடத்தை மறுபடி தெரியும்படி செய்து கொடுக்க வேண்டும். பயிர் வளர்ந்தாலும் ஒரு மீட்டர் அகலம் விட வேண்டும். வரப்போரமாகப் போகிற பாதை என்றால் உழவே கூடாது. அங்கே ஒன்றரை மீட்டர். பத்து மாதத்துக்கு மேற்பட்ட கறவை இனக் காளையைப் பாதை போகிற வயலில் விடக் கூடாது. ஆகவே கோதுமைக்கு நடுவே தெளிவான தடம் தெரிந்தால், அது யாரோ மிதித்துப் பாழாக்கிய இடம் என்று எண்ணாதீர்கள். விவசாயி தன் டிராக்டரைக் கொண்டு உங்களுக்காக விட்ட வழி அது.

வழி கண்டுபிடிப்பது எளிது. தார்ச்சாலையை விட்டுப் பாதை பிரிகிற இடத்தில் கைகாட்டி வைக்க வேண்டியது கவுன்சிலின் கடமை. உள்ளே போனதும் கம்பங்களில் உள்ளங்கை அளவு வட்டில் அம்புக்குறி இருக்கும். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு. நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் உரிய வழி, அதிலும் நடக்கலாம். ஊதா, சிவப்பு அம்புகள் வண்டிகள் ஓடிய பழைய தடங்களுக்கு. ஆனால் அம்பை மட்டும் நம்பாதீர்கள்; செடி மூடியிருக்கும், கம்பம் சாய்ந்திருக்கும். ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் ஆரஞ்சு அட்டைப் படத்தை வாங்கிக்கொள்ளுங்கள். 1:25,000 அளவில் ஒவ்வொரு வேலியும் வரப்பும் அதில் இருக்கும். பொதுவழிகள் பச்சைக் கோடுகள். கைப்பேசியிலும் அதே படம் கிடைக்கும். ஆனால் மேஜைமேல் தாளை விரித்து, இந்த ஊர் மாதாகோவிலிலிருந்து அந்த ஊர் மாதாகோவிலுக்கு விரலால் போய்ப் பார்க்கிற சுகம் உங்களைப் போன்றவருக்குத்தான் முழுதாகத் தெரியும்.

உங்கள் வீட்டு அம்மாவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருந்தீர்கள். கிராமத்துப் பாதைகளில் சிரமம் கொடுப்பது ‘ஸ்டைல்’ என்கிற ஏறுபடிதான். ஆடுமாடு வெளியேறாமல் ஆள் மட்டும் தாண்டும்படி வேலிக்குக் குறுக்கே இரண்டு பலகை வைத்திருப்பார்கள்; ஒரு காலைத் தூக்கி வேலிக்கு மேலே போட்டுத் தாண்ட வேண்டும். இப்போது பல இடங்களில் அவற்றை எடுத்துவிட்டுச் சுழல்கதவு வைக்கிறார்கள். சில்டர்ன்ஸ் மலைப்பக்கத்தில் சில்டர்ன் சொசைட்டி என்ற அமைப்பு நன்கொடை வாங்கி இதைச் செய்கிறது. இறந்துபோன அப்பா அம்மா நினைவாகப் பிள்ளைகள் கதவு கொடுத்திருப்பதையும் பார்க்கலாம்.

முதல் நடைக்கு நீங்கள் ரெடிங்கை விட்டு வெளியே போகவே வேண்டாம். தேம்ஸ் நதியின் ஊற்றிலிருந்து லண்டன் வரை கரையோரமாகப் போகும் தேம்ஸ் பாதை உங்கள் ஊர் வழியாகவே போகிறது. மொத்தம் 184 மைல். உங்களுக்கு அதில் மூன்று மைல் போதும். ரெடிங் பாலத்தடியில் இறங்கிக் கிழக்கே நடந்தால், கென்னட் ஆறு தேம்ஸில் கலக்கிற முனை வரும். பிரிஸ்டல் வரை போகிற கால்வாய்க்கும் அதுதான் வாசல். அங்கே பாலம் ஏறி இறங்கி, நீரோரமாகவே போனால் சோனிங் மடைக்குப் போய்ச்சேரலாம். நிலம் தட்டையாக இருக்கும். ஏறுபடித் தொல்லை இல்லை. துடுப்புப் பயிற்சி செய்கிற மாணவர்களின் நீளப் படகுகள் பக்கத்திலேயே போகும். அன்னங்கள் வழிவிடாது, நாம்தான் ஒதுங்க வேண்டும். சோனிங்கில் 18-ஆம் நூற்றாண்டுச் செங்கல் பாலத்தைப் பார்த்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு, கால் ஒத்துழைத்தால் நடந்தே திரும்பலாம். இல்லையென்றால் மகளைக் காரோடு வரச் சொல்லுங்கள்.

அடுத்தது நீங்கள் காண வேண்டிய இடம் டர்வில். பேருந்தை நம்பிப் போக முடியாது, காரில் முக்கால் மணி. சில்டர்ன்ஸ் சுண்ணக் குன்றுகளுக்கு நடுவே, செங்கல்லும் சக்கிமுக்கிக் கல்லும் வைத்துக் கட்டிய சில வீடுகள், ஒரு சிறு மாதாகோவில், ஒரு பப். குன்றின் உச்சியில் பழைய காற்றாலை. வீடுகளுக்கு இடையே நுழைந்து சரிவில் ஏறுகிற பாதை சற்று மேலே போனதும் பிரியும். இடப்பக்கம் செங்குத்தாகக் காற்றாலைக்குப் போகும், அதை விட்டுவிடுங்கள். வலப்பக்கம் குன்றின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு மெதுவாக ஃபிஞ்ஜெஸ்ட் ஊருக்கு இறங்கும். தூரம் ஒரு மைல் இருக்கும். அந்த ஒரு மைலுக்கு நான் நாள் முழுவதையும் கொடுப்பேன்.

காலடியில் வெள்ளைச் சுண்ண மண். உடைந்த சக்கிமுக்கிக் கல் கண்ணாடிச் சில்லாகப் பளபளக்கும். வேனில் தொடங்கும்போது புல்லில் கவுஸ்லிப் என்ற மஞ்சள் பூ. தலைக்கு மேலே பிளவுபட்ட செந்நிற வாலோடு பெரிய பருந்துகள் வட்டமிடும். துப்பாக்கிக்கும் விஷத்துக்கும் இரையாகி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்திலிருந்தே இல்லாமல் போன இனம் அது. 1989-லிருந்து சில ஆண்டுகள் ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இந்தக் குன்றுகளில் விட்டார்கள். இப்போது ரெடிங் நகரத்து வானத்தில்கூட அவைதான். சுற்றிலும் பீச் மரக்காடு. ஒரு காலத்தில் இந்தக் காட்டுக்குள்ளேயே உட்கார்ந்து நாற்காலிக் கால்களைக் கடைந்து ஹை விக்கம் நகரத்துப் பட்டறைகளுக்கு அனுப்பினார்கள். மே மாதத் தொடக்கத்தில் பீச் மரம் தளிர் விடும்போது அடியில் நீல மணிப்பூ விரியும். தரை முழுக்க நீலம். உலகத்து நீல மணிப்பூக்களில் ஏறக்குறையப் பாதி பிரிட்டனில்தான் பூக்கின்றன. அவற்றை மிதிக்காமல் தடத்திலேயே நடங்கள். ஒருமுறை மிதிபட்ட செடி தேற வருஷங்கள் ஆகும்.

ஃபிஞ்ஜெஸ்ட் மாதாகோவில் நார்மானியர் காலத்தது. கட்டடத்தைவிடக் கோபுரம் பெரிது. கோபுரத்தின் தலையில் இரட்டை ஓட்டுக்கூரை. பெரும்பாலும் கதவு திறந்தே இருக்கும். உள்ளே போய் உட்காரலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அங்கிருந்து திரும்பும்போது வேலியைக் கவனியுங்கள். மேக்ஸ் ஹூப்பர் என்ற தாவரவியலாளர் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார்: முப்பது கஜ நீள உயிர்வேலியில் எத்தனை வகை மரம், புதர் இருக்கிறதோ, அத்தனை நூறு வருஷம் அந்த வேலிக்கு வயது. எல்லா இடத்திலும் பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். ஆனாலும் நின்று எண்ணிப் பாருங்கள்; ஹாதார்ன், ஹேசல், மேப்பிள், ஹோலி என்று பெயர் தெரியத் தெரிய வேலி உங்களோடு பேசத் தொடங்கும்.

மாடுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்வது அதிகப்பிரசங்கம்தான். ஆனால் இங்கே மாடுகளுக்கு மூக்கணாங்கயிறு இல்லை, கூடவே மேய்ப்பவரும் இல்லை. இளம் காளைக்கன்றுகள் வேடிக்கை பார்க்கக் கூட்டமாக ஓடிவரும்; ஓடாமல் நின்று கையை விரித்தால் அவையும் நின்றுவிடும். கன்றோடு நிற்கிற பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே மட்டும் போகாதீர்கள். சுற்றிப் போனால் தப்பில்லை. கதவைத் திறந்து போனால் சாத்திவிட்டுப் போங்கள். திறந்தே கிடந்தால் திறந்தபடி விடுங்கள். புல்வெளிப் பாதையில் பக்கத்தில் பக்கத்தில் நடக்காமல் ஒருவர் பின் ஒருவராக நடங்கள். யார்க்‌ஷயரில் ஸ்வேல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மியூக்கர் என்றொரு ஊர். அங்கே பூக்கள் நிறைந்த புல்வெளிகளின் நடுவே ஒரு ஆள் அகலத்துக்குக் கல் பாவியிருக்கிறார்கள். அந்தப் புல் மாட்டின் குளிர்காலத் தீவனம் என்பதை நடக்கிறவர்கள் மறக்காமல் இருக்கத்தான் அது. இன்னொன்று செந்தட்டி: இங்கே பாதையோரம் எங்கும் உண்டு, முழுக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை சேறு கணுக்காலைத் தாண்டும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும்.

யாராவது கேட்டால் என்று பயந்தீர்களே, அதைச் சொல்லாமல் விட முடியாது. பாதையில் எதிரே வருகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களாகவே இருப்பார்கள். தெருவில் முகம் பார்க்காமல் போகிற அதே மனிதர்கள் வயல் நடுவில் ‘மார்னிங்’ சொல்லாமல் போக மாட்டார்கள். நாயின் பெயரைக்கூடச் சொல்வார்கள். ஆனால் எல்லாப் பார்வையும் ஒரே மாதிரி இருக்காது. 2019-ல் ஜூலியன் குளோவர் தலைமையில் அரசு நியமித்த ஆய்வுக்குழு, கறுப்பின, ஆசிய மக்கள் தேசியப் பூங்காக்களுக்கு மிகக் குறைவாகவே வருகிறார்கள் என்றும், நாட்டுப்புறம் தங்களுக்கானதல்ல என்ற உணர்வு பலரிடம் இருக்கிறது என்றும் எழுதியது. அந்த உணர்வுக்குக் காரணமானவர்கள் மாற வேண்டும். அதுவரை நாம் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. சேலையோடும் காலில் கனத்த பூட்ஸோடும் அம்மா அந்தச் சுழல்கதவைத் தள்ளிக்கொண்டு போகட்டும். யாரேனும் என்ன வேண்டும் என்று கேட்டால், படத்தில் உள்ள பச்சைக் கோட்டைக் காட்டுங்கள், போதும்.

பாதை அடைபட்டிருந்தால் சும்மா திரும்பிவராதீர்கள் என்பதை மட்டும் வேண்டுகோளாகக் கேட்கிறேன். சசெக்ஸில் ஃபிரேம்ஃபீல்ட் என்ற ஊரில் ஒரு பெருநிலக்காரர் பொதுவழியின் மேலேயே கொட்டகை கட்டிப் பத்து வருஷத்துக்கும் மேல் மூடி வைத்தார். நடைப்பிரியர்களுக்காக 1935-ல் தொடங்கிய ராம்ப்ளர்ஸ் சங்கத்தார் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி 2003-ல் அதைத் திறக்க வைத்தார்கள். நீங்கள் வழக்காட வேண்டாம். கம்பி வேலி, பூட்டு, மூடிய முட்புதர், எதுவானாலும் இடத்தையும் தேதியையும் படத்தோடு எழுதிக் கவுன்சிலின் பொதுவழிப் பிரிவுக்கு அனுப்புங்கள். கவுன்சில்களிடம் பணமும் ஆளும் குறைவு. புகார் வராத பாதை வரிசையில் கடைசியில் நிற்கும்.

இன்னும் ஒன்று, இது உங்களுக்கென்றே. படத்தில் ஏறாமல் விடுபட்ட பழைய வழிகளைப் பதிவு செய்ய 2026 ஜனவரி 1 கடைசி நாள் என்று முதலில் சட்டம் போட்டார்கள். பிறகு 2031 என்றார்கள். அந்தக் கெடுவையே எடுத்துவிடப்போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. ராம்ப்ளர்ஸ் சங்கத்தின் தொண்டர்கள் பழைய படங்களையும் இன்றைய படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, விடுபட்டிருக்கக்கூடியவை 49,000 மைலுக்கு மேல் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஆவணத்தோடு நிரூபிக்க வேண்டும். அதற்கு உதவுகிற ஆவணங்களில் ஒன்று வரிக்கணக்கு. 1910-ல் நாடு முழுவதும் நிலத்தை மதிப்பிட்டு வரி போடச் சட்டம் வந்தபோது, ‘என் நிலத்தில் பொதுவழி போகிறது, மதிப்பைக் குறையுங்கள்’ என்று உடைமையாளர்களே எழுதிக் கொடுத்தார்கள். பொய் எழுதினால் தண்டனை உண்டு. வரி மிச்சம் பிடிக்க அன்று தாத்தா எழுதியது, பாதையே இல்லை என்கிற பேரனுக்கு எதிராக இன்று சாட்சி சொல்கிறது. அந்தக் களப் புத்தகங்களும் படங்களும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெர்க்‌ஷயரின் பழைய வளைப்புப் படங்களும் தசமபாகப் படங்களும் ரெடிங்கிலேயே மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மழை பெய்கிற நாளில் அங்கே போங்கள். மங்கிய மையில் எழுதிய சர்வே எண்ணையும் அடித்துத் திருத்திய ஓரக்குறிப்பையும் படிக்கத் தெரிந்த கண் உங்களுடையது. அப்படிப்பட்டவர்களைத்தான் உள்ளூர் ராம்ப்ளர்ஸ் குழுக்கள் தேடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் பகுதிக் குழுவின் முகவரியைத் தனியாக அனுப்பி வைக்கிறேன். டர்வில் போவதென்றால் ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 171-ஆம் எண் படத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்